கர்னல் லாம்ப்டன் சரித்திரம்: கடல் மைலும் தரை மைலும்

நம் சங்கத்தாருள் நிலபுலம் உடையோர் பலர். கடல் கடந்து வாணிகஞ் செய்து மீண்ட குடும்பத்தாரும் உளர். நிலமுடையோர் இல்லத்தில் முன்னாளில் சங்கிலி என்றால் 66 அடி என்பது சிறுவரும் அறிந்த செய்தி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு. எண்பது சங்கிலி, அதாவது 5,280 அடி, ஒரு மைல். கப்பலேறியவர் இல்லத்திலோ மைல் என்பது வேறு. அதனை 6,080 அடி என்பர். ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். இரு கைகளையும் விரித்த நீளமாகிய ஆறடி ஒரு பாகம். பெயர் ஒன்றாயிருப்ப அளவு இரண்டாயிருப்பது ஏனென்று மாணாக்கர் வினவுங்கால், 33 கடல் மைல் 38 தரை மைலுக்குச் சரி என்று வாய்பாடு சொல்லி முடித்துவிடுதல் எளிது. கணக்கும் பிசகாது. ஆயினும் அவ்விரண்டளவையும் நம் நாட்டு மண்ணின்மேல் வைத்து ஒன்றோடொன்று பிணைத்துக் காட்டுதற்குத் தம் வாழ்நாளைச் செலவிட்டார் ஒருவர். அவர்தாம் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலேயர். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

லாம்ப்டன் 1753ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் யார்க்ஷயரில் எளிய உழவர் குடியிற் பிறந்தவர். கணிதத்தில் அவர்க்கிருந்த ஆர்வத்தால் இலவசக் கல்வி வாய்த்தது. 1781இல் 33ஆம் காலாட்படையிற் சேர்ந்து அமெரிக்கப் போரிற் சிறைப்பட்டார். விடுதலை பெற்றபின் கனடாப் பகுதியில் எல்லை அளக்கும் தொழிலிலும் படைவீடுகளைக் காக்கும் உத்தியோகத்திலும் பல்லாண்டு கழித்தார். நாற்பது வயது கடந்தும் பெயர் விளங்காத மனிதராகவே அவர் இந்தியாவிற்கு வந்தனர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணப் போரின்போது ஓரிரவு, தம் சேனாபதி வழி தவறிப் பகைவரை நோக்கியே படையை நடத்துகின்றார் என்பதை விண்மீன்களைப் பார்த்து அறிந்து லாம்ப்டன் கூறினார். சேனாபதி முதலில் நம்பவில்லை. பின்னர்த் திசையறி கருவியை நோக்க, விண்மீனே மெய் சொல்லிற்று என்பது தெரிந்தது. மீகாமன் கடலிற் செய்வதை இவர் தரையிற் செய்தார் என்க.

கடல் மைல் பிறந்ததும் விண்ணிலேதான். கடலிற் சங்கிலி பிடிப்பார் இல்லை. அந்தியில் ஒரு விண்மீனின் உயரத்தையோ நண்பகலிற் சூரியனின் உயரத்தையோ கருவியால் நோக்கித் தாம் நிற்கும் அட்சரேகையை மாலுமிகள் அறிவர். பாகை ஒன்றுக்குக் கலை அறுபது. தெற்கு வடக்காக ஒரு கலை தூரம் செல்லின் அதுவே ஒரு கடல் மைல். (பாகை வேறு, பாகம் வேறு; மாணாக்கர் மயங்கற்க.) ஆனால் ஒரு கலைக்குத் தரையில் எத்தனை அடி? பூமி நிறைவட்டமான உருண்டையாயின் எங்கும் ஒரே தொகைதான். அதுவோ துருவங்களிற் சற்றே தட்டையானது; ஆதலாற் பூமத்திய ரேகையருகே கலை குறுகியும் துருவத்தருகே நீண்டும் இருக்கும். ஐரோப்பாவில் அளந்த தொகையை நம் நாட்டின்மேல் ஏற்றிவைத்தால் வழு நேரும். இங்கேயே அளந்தாலன்றி உண்மை விளங்காது என்பது லாம்ப்டனின் கொள்கை.

கும்பினியார் இதற்கு இசைந்தது அறிவின் பொருட்டு மட்டுமன்று. வென்ற நாட்டைப் படமெழுதிக்கொள்ளவும் வரி விதிக்கவும் அவர்கட்கு அளவு வேண்டியிருந்தது. இதனை மறைத்தல் சரித்திரமாகாது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மே மாதங்களில், சென்னைப் பரங்கிமலையை அடுத்த சமவெளியில், லாம்ப்டன் இப்பணிக்குரிய அடிக்கோட்டை அளந்தார். கடுங்கோடை! அவருடைய எஃகுச் சங்கிலி நூறடி நீளமுள்ளது. முன்னர்ச் சீனப் பேரரசர்க்குக் காணிக்கையாகக் கொண்டுபோகப்பட்டு, அவர் பொருட்படுத்தாமையால் இந்தியா வந்து சேர்ந்தது. எஃகு வெயிலில் நீளுமாதலின் சங்கிலியை மரத்தொட்டிகளிற் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்தினார். இவ்வாறு கண்ட நீளம் 40,006 அடிக்குச் சற்று மேல், ஏழரை மைலுக்குச் சிறிது மிகுதி. அதன்பின் நிலத்தில் ஊர்ந்து அளக்க வேண்டுவதில்லை. ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் ஏனைய பக்கங்கள் கணிதத்தாற் கிடைக்கும். அப்பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம். குன்றுகளும் கோபுரங்களும் அவர்க்குப் புள்ளிகளாயின.

கோணமளக்கும் பெருங்கருவி அரை டன் எடையுள்ளது. இலண்டனிலிருந்து வருகையிற் பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைக் கைப்பற்றி மொரீசியசுக்குக் கொண்டுபோயினர்; பின்னர் அது கணிதக் கருவியென்று அறிந்து மரியாதையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். பகைவர் காத்துத் தந்த அக்கருவிக்குத் தஞ்சையில் விதி காத்திருந்தது. சோழ நாட்டுச் சமவெளியில் மலை இல்லாமையால், 1808இல் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதனை ஏற்றுங்கால் கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதிற்று. பாகை பொறித்த வட்டம் நெளிந்துபோயிற்று. வேறு கருவிக்கு எழுதினால் வந்துசேர எத்தனையோ மாதங்கள் செல்லும். நின்றால் பணி முழுதும் நின்றுவிடும். லாம்ப்டன் கூடாரத்தை அடைத்துக்கொண்டு ஆறு வாரம் அதனோடு இருந்தார். ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு மயிரிழை மயிரிழையாக வட்டத்தை இழுத்துப் பழைய வடிவிற்குக் கொணர்ந்தார். அவர் வயது அப்போது ஐம்பதுக்கு மேல். அக்கருவியே பின்னும் பல்லாண்டு உழைத்தது.

அவ்வளவைக் கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் வழியே அவர் குமரிமுனைவரை கொண்டுசென்றார். குமரிமுனையருகினின்று கோயம்புத்தூர்ப் பக்கம் வரை அவர் அளந்த கண்டத்துள் நம் திண்டுக்கல்லின் அட்சரேகையும் அடங்கும். அக்கண்டத்திற் பாகை ஒன்றுக்கு அவர் கண்ட நீளம் 60,472 பாகமும் சிறிதும். கடலோடியின் பாகக் கணக்கிலேயே தரையளவையும் அவர் எழுதினர் என்பது கருதத்தக்கது. அதனை அறுபதாற் பகுப்பின் கலை ஒன்றுக்கு ஏறக்குறைய 1,008 பாகம்; அதாவது 6,047 அடி. கப்பற்காரர் வாய்பாடு கூறும் 6,080 அடியினும் இது 33 அடி குறைவு!

முப்பத்துமூன்றடி தானே என்று தள்ளிவிடற்க. கன்னியாகுமரி ஏறக்குறைய 8 பாகை 5 கலை. சென்னை 13 பாகை 5 கலை. இடையே 300 கலை. கலைதோறும் 6,080 அடியென்று பெருக்குவோன் தரையில் ஒன்றேமுக்கால் மைலுக்கு மேல் மிகையாகக் காண்பான். குறுந்தூரத்தில் இவ்வழு தோன்றாது: மதுரை 9 பாகை 55 கலை, திண்டுக்கல் 10 பாகை 22 கலை, இடை 27 கலை, எவ்வாறு பெருக்கினும் தெற்கு வடக்காக 31 மைலே வரும். சாலைவழி அதனினும் மிகுதல், சாலை வளைந்து செல்வதாலும் மதுரை சற்றுக் கிழக்கே இருப்பதாலுமாம். பிற்காலத்தார் 1929இல் மொனாக்கோவிற் கூடிக் கடல் மைலை 1,852 மீட்டர் என்று வரையறுத்தனர். அது எங்கும் செல்லும் பொதுவளவு. நம்மூர்க் கலையோ சுமார் 1,843 மீட்டர். பொதுவளவையும் இடத்தளவையும் வேறு பிரித்தறிதலே இக்கணக்கின் உயிர்.

தீபகற்பத்தின் அகலம் பழைய படங்களில் நாற்பது மைலளவு மிகையாக எழுதப்பட்டிருந்தது என்பதையும் லாம்ப்டனின் முக்கோணங்களே வெளிப்படுத்தின. செலவு வீண் என்று கூறியோர் அதன்பின் பெரும்பாலும் வாய் திறந்திலர். 1818இல் இவ்வளவை இந்தியா முழுதுக்குமாக விரிந்தது. சங்கிலி பிடித்த, கொடி நாட்டிய, கருவி சுமந்த நம் நாட்டுத் தொழிலாளர் பெயரெல்லாம் நூல்களில் ஏறாதது வருந்தத்தக்கது. சென்னை நிலவளவைப் பள்ளியிற் பயின்று அவர்க்குத் துணையாய் உழைத்த ஜோஷ்வா டி பென்னிங் பெயரேனும் நின்றது.

வடக்கு நோக்கி அளந்து சென்ற லாம்ப்டன், 18ஆம் பாகை வரை ஏறக்குறையப் பத்துப் பாகை நீளத்தை முடித்தபின், நாகபுரிக்குச் செல்லும் வழியில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் 1823 ஜனவரி 20ஆம் நாள் உயிர் நீத்தார். வயது எழுபதை அடுத்திருந்தது. டி பென்னிங் கருவிகளைப் பொறுப்பேற்றார். பின்னர் எவரெஸ்டு துரை வந்து அக்கோட்டை 1841இல் இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு முடித்தார். லாம்ப்டனின் சமாதி ஹிங்கன்காட்டிலேயே உள்ளது.