மேடை விளக்குக்கு ஒரு வாத்தியார்

நம் வளாக விழாவில் குழந்தைகள் மேடையேறும்போது படம் எடுக்கிறீர்கள் அல்லவா? அடுத்த முறை ஒன்றைக் கவனியுங்கள். நேர் எதிரே ஒரே விளக்கு இருந்தால் முகம் வெளுத்து, தட்டையாகத் தெரியும். பக்கத்தில் மட்டும் இருந்தால் பாதி முகம் இருட்டாகிவிடும். இந்தச் சிக்கலுக்குச் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பே எளிய வழி சொன்ன ஓர் ஆசிரியரை இந்த இதழில் அறிமுகப்படுத்துகிறோம். அவர் பெயர் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ்.

1897-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தவர். படித்தது கட்டடக்கலை, 1923-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அங்கே நாடகம் கற்பித்துப் பெயர் பெற்ற ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர், 1925-இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் நாடகத் துறையைத் தொடங்கினார். மெக்கேண்ட்லெஸும் அங்கே ஆசிரியராகச் சேர்ந்தார். மேடை ஒளியமைப்பைத் தனிப் பாடமாகவே நடத்தினார்.

இதில் என்ன புதுமை என்று கேட்கிறீர்களா? அந்தக் காலத்தில் நாடகக் கொட்டகையில் விளக்கு என்றால் பெரும்பாலும் எலக்ட்ரீஷியன் வேலை. சொன்னபோது போடுவார், சொன்னபோது அணைப்பார். அதைக் கற்றுத்தர வேண்டிய கலையாக நினைத்தவர்கள் குறைவு.

1932-இல் மேடை ஒளியூட்டல் பற்றித் தம் புத்தகத்தை வெளியிட்டார். அவர் சொன்ன வழி இதுதான்: மேடையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால், உயரத்திலிருந்து, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக 45 டிகிரி சாய்வில் இரண்டு விளக்குகள் வையுங்கள். ஒன்றில் மஞ்சள் சாயல், மற்றதில் நீலச் சாயல். முகத்தின் ஒரு பக்கம் வெயில் பட்டதுபோலவும் மறுபக்கம் நிழலில் இருப்பதுபோலவும் தெரியும். மூக்கும் கன்னமும் கடைசி வரிசைக்கும் துலங்கும். அருகருகே உள்ள பகுதிகளின் வெளிச்சம் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், நடிகர் நடக்கும்போது இடையில் இருட்டு விழாது.

அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே 'ஒரு முறை' என்றுதான் இருக்கிறது. 'ஒரே முறை' என்று இல்லை. பின்னால் வந்த பலர் அதையே மாறாத சட்டமாக்கிக்கொண்டார்கள். அவருடைய நல்ல மாணவர்களோ அதிலிருந்து தொடங்கித் தங்கள் வழியில் போனார்கள். ஜீன் ரோசெந்தால், மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்குப் பல ஆண்டுகள் ஒளியமைத்தார். நடனத்தில் முகத்தைவிட உடலின் அசைவு முக்கியம் என்பதால் பக்கவாட்டு வெளிச்சத்தை அதிகம் பயன்படுத்தினார். யேலில் படித்த இன்னொருவர் தாரன் மசர். 1975-இல் பிராட்வேயில் முதன்முதலாகக் கணினிப் பலகை கொண்டு நாடக விளக்குகளை இயக்கச் செய்தவர் அவர்.

மெக்கேண்ட்லெஸ் 1964-இல் ஓய்வு பெற்றார், 1967-இல் மறைந்தார். அவர் ஒளியமைத்த நாடகங்கள் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. நாடகம் முடிந்தால் வெளிச்சமும் போய்விடும். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தது போகவில்லை. இன்றும் ஒளியமைப்பு படிக்க வருகிறவர்களுக்கு அவருடைய முறைதான் பெரும்பாலும் முதல் பாடம்.

அடுத்த விழாவுக்கு நீங்களும் முயன்று பாருங்கள். மேடையின் முன்னால் இரு ஓரங்களிலும் உயரமாக, ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு வெள்ளை விளக்கு. அவ்வளவுதான். உங்கள் குழந்தையின் முகம் எவ்வளவு துலக்கமாக வருகிறது என்று படத்திலேயே தெரியும்.