கோபாலகிருஷ்ண பாரதியார்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில் ஒருவன் இன்னான் என்று அறிவதற்கு அவன் பெயரைக் கேட்க வேண்டியதில்லை. அவன் குடியிருக்கும் தெருவைக் கேட்டாலே போதும் என்றிருந்த காலம் உண்டு. அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி என ஊர்கள் பிரிந்து கிடந்தன. ஒருவன் உண்ணும் உணவும், பேசும் பேச்சும், வணங்கும் தெய்வமும் அவன் பிறந்த கூட்டத்தாலேயே வரையறுக்கப்பட்டன. அந்நாட்டில் தோன்றி, கூட்டத்தின் பிடியில் அகப்பட்ட ஓர் உள்ளத்தின் துயரைப் பாட்டில் வடித்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார்.

அவர் 1810ஆம் ஆண்டையொட்டி, நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் இசைவல்ல அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே வேதாந்த நூல்களைக் கற்றார். திருவிடைமருதூரில் இராமதாசர் என்பவரிடம் இந்துஸ்தானி இசையும் பயின்றார். திருமணம் செய்துகொள்ளாமல், மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் செல்வர் ஒருவரின் ஆதரவில் நெடுங்காலம் வாழ்ந்தார். நிலக்கிழார்களின் திண்ணைகளில் அமர்ந்து பழகிய அவருக்கு, அவர்களுடைய வயல்களில் உழைத்த பண்ணையாட்களின் வாழ்வும் தெரிந்திருந்தது. அடிமை முறைக்கு நீதிமன்றங்கள் துணை நிற்பதை 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் விலக்கிவிட்டது. ஆயினும் கடனாலும் வழக்கத்தாலும் பண்ணையாள் முறை தஞ்சை வயல்களை விட்டு நீங்கவில்லை.

திருநாளைப்போவார் வரலாற்றைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் மிகச் சுருக்கமாகவே பாடியுள்ளார். ஆதனூரில் வாழ்ந்த அவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்தவர். அவரை அடக்கியாளும் முதலாளி எவரும் அக்காவியத்தில் இல்லை. பாரதியார் அவ்வரலாற்றைக் கீர்த்தனைகளாக விரித்தபோது, வேதியர் ஒருவரைப் புதிதாகப் படைத்து நந்தனை அவருடைய பண்ணையாளாக்கினார். கதையின் உயிர்நிலை இம்மாற்றமே எனலாம்.

நந்தனுக்குத் தில்லையைக் காணவேண்டும் என்ற ஒரே ஆசை. வேதியரோ, சேரியில் பிறந்தவனுக்குத் தில்லையில் என்ன வேலை என்று சினக்கிறார். சினம் அவரோடு நிற்கவில்லை என்பதே வியப்பு. நந்தனுடைய சுற்றத்தாரும் அவனை ஏசுகின்றனர். தம் குலதெய்வங்களை மறந்து வேறொரு கடவுளை நாடுகிறவன் தம்மவன் ஆவானா என்று சேரிப் பெரியவர்கள் ஐயுறுகின்றனர். அவனைப் பற்றி ஆண்டையிடமே முறையிடுகின்றனர். மேலிருப்போரின் தடையைத் தாங்கிய உள்ளத்துக்கு, உடனிருப்போரின் வசை அதனினும் கொடியதன்றோ? பண்ணை வேலை முழுவதையும் முடித்துவிட்டுப் போகலாம் என்று வேதியர் கட்டளையிட, ஒரே இரவில் இறையருளால் பயிர் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட வேதியர் தம் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

தில்லையை அடைந்த நந்தன் தீயில் மூழ்கி, முப்புரிநூல் அணிந்த முனிவராக எழுகிறான். சேக்கிழார் கூறிய முடிவும் இதுவே. நந்தன் நந்தனாகவே உள்ளே செல்ல இயலாமற்போனது ஏன் என்ற வினா பிற்காலத்தில் எழுந்தது, அவ்வினா நியாயமானதே.

இச்சரித்திரத்தைப் பாரதியார் கதாகாலட்சேபமாக நிகழ்த்தினார். கதை சொல்பவர் ஒருவரே ஆண்டையாகச் சினந்து, சேரிக் கிழவராக நகைத்து, நந்தனாக உருகவேண்டும். வேதியர் குலத்தில் பிறந்தவர் அவையோர் முன்னிலையில் பண்ணையாளின் குரலில் அழுதது அந்நாளில் சிறு செயலன்று.

நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பாரதியார் நாடினார். புலவருலகம் வேறு, பாகவதருலகம் வேறாக இருந்த காலம் அது. கதை சேக்கிழார் வழியினின்று விலகியதும், பாட்டுக்களில் இலக்கண வழுக்கள் மலிந்ததும் பிள்ளையவர்களுக்கு உடன்பாடில்லை. பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒரு நண்பகலில் பிள்ளையவர்கள் படுத்திருக்கும்போது, வெளியே காத்திருந்த பாரதியார் தம் கீர்த்தனைகளைத் தமக்குள்ளே பாடத் தொடங்கினார். பாட்டில் நெஞ்சம் கரைந்த புலவர் பெருமான் எழுந்து வந்து பாயிரம் அளித்தார். எனினும் இரண்டு உலகங்களுக்கும் இடைப்பட்ட சுவர் முற்றும் இடியவில்லை. பின்னாளில் உ. வே. சாமிநாதையர் இளம் மாணவராகப் பாரதியாரிடம் இசை பயின்றபோது, அது பிள்ளையவர்களுக்கு உவப்பளிக்கவில்லை என்றறிந்து நிறுத்திக்கொண்டார். ஆயினும் பாரதியாரின் வரலாற்றை நூலாக எழுதியவர் அவரே.

நந்தன் சரித்திரம் 1860களின் தொடக்கத்தில், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால் அச்சேறியது. பாரதியார் 1896இல் மறைந்தார். அவர் படைத்த வேதியரும் நந்தனும் நாடக மேடை ஏறினர். பின்பு திரைக்கும் வந்தனர். 1935இல் வெளியான படத்தில் நந்தனாராக நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெண்மணி. வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். 1942இல் நந்தனார் வேடம் புனைந்தவர், தஞ்சை நாட்டுத் திருச்செங்காட்டங்குடியில் பிறந்த தண்டபாணி தேசிகர். பண்ணையாள் பாதுகாப்புக்கெனத் தஞ்சை மாவட்டத்துக்குத் தனிச் சட்டம் வந்தது அதற்கும் பத்தாண்டுகள் கழித்து, 1952இல்.