தந்தை ஒப்படைத்த கடிகாரம்

கவிஞர் இரவீந்திரநாத் தாகூர் 1861ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். அவர் பெரும்பாலும் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கற்றார். விடியுமுன் மற்போர், பின்னர்க் கணக்கு, மாலையில் ஓவியம், இரவில் ஆங்கிலம் என வேளைக்கொரு பாடம் இருந்தது. ஆயினும் அந்த நேரங்களைப் பெரியோரே வகுத்தனர்.

1873இல் தந்தை தேவேந்திரநாத் பதினொரு வயது மகனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். வழியில் சிறிது பணத்தையும் தம் தங்கக் கடிகாரத்தையும் அவரிடம் ஒப்படைத்தார். நாள்தோறும் செலவுக்கணக்குச் சொல்வதும் கடிகாரத்திற்குச் சாவி கொடுப்பதும் தாகூரின் கடமைகள். கணக்கு நேராகவில்லை, ஒருநாள் கையிருப்பு கூடியே இருந்தது! தந்தை கடிந்துகொள்ளவில்லை. மிகுந்த அக்கறையுடன் சாவி கொடுத்ததால் கடிகாரமும் பழுதாகிக் கல்கத்தாவுக்குச் சென்றது.

பொறுப்பை நம்பிக் கொடுத்தால்தான் பிள்ளைகள் ஒழுங்கைக் கற்பர். 1901இல் சாந்திநிகேதனில் தாகூர் தொடங்கிய பள்ளியிலும் மாணவர்கள் தம் ஒழுங்கைத் தாமே பேணும் முறை வளர்ந்தது.