நெஞ்சுக்குள் வைத்த மின்னதிர்ச்சி: மிரோவ்ஸ்கியின் கதை

1939 முடிவில் ஜேர்மன் படைகளிடம் வீழ்ந்திருந்த வார்சோவை விட்டுத் தனியே கிழக்கே தப்பியோடிய அந்த யூதச் சிறுவனுக்கு வயது பதினைந்து. மிச்சிஸ்லாவ் மிரோவ்ஸ்கி என்ற போலந்துப் பெயரை அவனுக்குச் சூட்டி அனுப்பியவர் தகப்பன். 1944இல் திரும்பி வந்தபோது குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. இடம்பெயர்ந்தோர் பதிவுகளில் உறவுகளைத் தேடிய நமக்கு, இந்தப் பகுதியை நான் விளக்கத் தேவையில்லை.

பிரான்ஸின் லியோன் நகரில் மருத்துவம் படித்து, இஸ்ரேலில் இதய வைத்தியரானார். அங்கே அவருடைய வழிகாட்டியான ஹரி ஹெல்லருக்கு இதயத்துடிப்பு அடிக்கடி தாறுமாறாகியது. ஆயுள் முழுக்க வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்க முடியுமா? ஒருநாள் திடீரென இறந்துபோனார். காப்பாற்றும் இயந்திரத்தை மனிதனுக்குள்ளேயே வைத்தால் என்ன என்று மிரோவ்ஸ்கி யோசித்தது அதன் பிறகுதான்.

இதயத்தின் கீழறைகள் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கும்போது இரத்தம் வெளியேறாது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். நெஞ்சின் மேல் தகடு வைத்து அதிர்ச்சி கொடுத்தால் 200 முதல் 360 ஜூல் வரை தேவைப்படும். தோலையும் எலும்பையும் நுரையீரலையும் தாண்டுவதற்குள் பெரும்பங்கு வீணாகிவிடும். இதயத்தை ஒட்டியே கொடுத்தால் சுமார் 25 ஜூல் போதும். ஆனால் அளவு மட்டும் போதாது, அதிர்ச்சியின் வடிவமும் முக்கியம். மெல்லத் தேயும் மின்னோட்டத்தின் வால்பகுதி நடுக்கத்தைத் திரும்பக் கிளப்பிவிடலாம். அதனால் சில மில்லிசெக்கன்களிலேயே அதை வெட்டிவிட்டார்கள்.

1968இல் அமெரிக்காவின் பல்ரிமோருக்குப் போய், சினாய் வைத்தியசாலையில் மோர்ட்டன் மோவருடன் சேர்ந்து உழைத்தார். துறையின் பெரிய பெயரான பேர்னாட் லோன் 1972இல் இந்த யோசனையையே எழுத்தில் நிராகரித்தார். சுருண்டு விழுந்த நாய் கருவியின் அதிர்ச்சியால் எழுந்து வாலாட்டுவதைப் படம்பிடித்துக் காட்டியபோது, விழப் பழக்கிய நாய் என்றார்கள் சிலர். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பும் கோபமும் ஒன்றாகவே வருகின்றன. அடுத்த முறை நாயின் இதயமின் பதிவையும் சேர்த்தே காட்டினார்கள்.

1980 பெப்ரவரி 4ஆம் திகதி ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஒரு பெண்ணின் உடலில் முதற்கருவி பொருத்தப்பட்டது. நெஞ்சைத் திறந்து செய்யவேண்டியிருந்தது. கருவி வயிற்றுத் தோலுக்குள் இருந்தது. 1985இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 1990இல் மிரோவ்ஸ்கி புற்றுநோயால் இறந்தார்.

பாதியில் திசை மாறிப் பாயும் இருகட்ட அதிர்ச்சி பரவலானது அதன் பின்னர்தான். அது இன்னும் குறைந்த சக்தியில் வேலை செய்வதால், நெஞ்சைத் திறக்காமல் நரம்புவழிக் கம்பியே போதுமானது. கருவியும் சிறுத்துக் காறையெலும்பின் கீழ் வந்துவிட்டது. துடிப்பு ஒழுங்காகவே விரைந்தால், வலி தெரியாத சிறு மின்துடிப்புகளால் முதலில் அதை அடக்கப் பார்க்கும். அடங்காவிட்டால்தான் உதைபோல அந்த அதிர்ச்சி விழும்.