உழவர் தோழர் ரைபைசன்

ஜெர்மனி நாட்டில் ரைன் ஆற்றுக்குக் கிழக்கே வெஸ்டர்வால்டு என்னும் மேட்டுநிலம் உளது. குளிர் மிகுந்த அந்நிலத்தில், ஹாம் என்னும் சிற்றூரில், 1818-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30-ஆம் நாள் பிரெடரிக் வில்லெம் ரைபைசன் பிறந்தார். வறுமை காரணமாக அவர் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை; ஊர்ப் பாதிரியாரிடமே பாடம் கேட்டார். பதினேழாம் வயதில் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். கண்ணோய் வருத்தியமையால் 1843-இல் படையை விட்டு நீங்கி, ஆட்சித் துறையிற் புகுந்தார். 1845-இல் வையர்புஷ் என்னும் வட்டாரத்தின் மேயராக அமர்த்தப்பட்டார்.

மறு ஆண்டே விளைச்சல் பொய்த்தது. மாரிக்காலத்தில் பசி ஊர்தோறும் புகுந்தது. அரசாங்கம் மாவு அனுப்பியது; ஆயினும் அதனை ரொக்கத்துக்கே விற்றல் வேண்டும் என்பது மேலிடத்து ஆணை. பசித்தவரிடம் ரொக்கம் ஏது? ரைபைசன் அவ்வாணையைப் பொருட்படுத்தாமல் மாவைக் கடனாகக் கொடுத்தார். செல்வரிடம் பொருள் திரட்டி, ஊர்ப் பொதுவில் அடுப்பு ஒன்று கட்டுவித்து, ரொட்டியைக் குறைந்த விலைக்கு அளித்தார். உண்டவர்கள் பின்னர் அக்கடனைத் தீர்த்தனர்.

பசி நீங்கியும் கடன் நீங்கவில்லை. உழவரின் தொழுவத்தில் நின்ற பசு பெரும்பாலும் வட்டிக்காரருடையது. தீனி போடுவது உழவர், பயன் கொள்வது வட்டிக்காரர். ஆதலின் 1849-இல் பிளாமர்ஸ்பெல்டு என்னும் ஊரில் செல்வர் அறுபதின்மரைப் பிணை நிற்கச் செய்து, சங்கம் ஒன்று நிறுவினார். அது கால்நடைகளை வாங்கி, ஐந்தாண்டுத் தவணையில் உழவர்க்கு அளித்தது. விளைபொருள் ரைன் கரையை எளிதில் அடையுமாறு அவர் சாலையும் அமைப்பித்தார்.

1852-இல் ஹெட்டெஸ்டார்பு என்னும் ஊருக்கு மாற்றப்பட்டார். அங்கு 1854-இல் தோன்றிய அறச்சங்கம் கைவிடப்பட்ட குழந்தைகளையும் பேணிற்று, கடனும் கொடுத்தது. பத்தாண்டுக்குள் செல்வரின் ஊக்கம் தளர்ந்தது. உள்ளவர் இல்லாதவர்க்கு உதவுதல் சமயக் கடமை என நம்பிய ரைபைசனுக்கு இது பெருந்துயரம் தந்தது. டெலிட்சு நகரத்து ஷூல்சு என்பார் கைவினைஞரிடையே நடத்திய தன்னுதவிச் சங்கங்களை அவர் அறிவார். எனினும் தம் பழைய கொள்கையை எளிதில் விட்டாரல்லர். இறுதியில் 1864-இல் சங்கத்தை மாற்றியமைத்தார். பிழையை ஒப்புக்கொள்ளும் துணிவு பஞ்சத்தில் ஆணையை மீறிய துணிவினும் அரிது.

புதிய சங்கத்தில் கடன் கேட்போர் உறுப்பினராதல் வேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லோரும் தத்தம் உடைமை முழுவதும் பிணையாக நின்றனர். ஒருவரையொருவர் அறிந்த சிற்றெல்லைக்குள்ளேயே சங்கம் இயங்கியது. ஆகவே நாணயமற்றவர் மறைந்து நிற்க இடமில்லை. நிர்வாகிகள் ஊதியம் பெற்றிலர். இலாபம் பங்கிடப்படாமல் பொது நிதியாகச் சேர்ந்தது. ஊர்ச் செல்வர் கொடையாக இருந்த பணப்பெட்டி ஊராருக்கே உரியதாயிற்று.

மனைவி எமிலி 1863-இல் இறந்தார். பார்வை மங்க, 1865-இல் ரைபைசன் பதவி துறந்தார். ஓய்வூதியம் போதாமையால் சுருட்டுத் தொழிலும் பின்பு மது வாணிகமும் நடத்தினார். மூத்த மகள் அமாலியே அவருக்குக் கண்ணும் எழுதுகோலுமாக இருந்தார். கடன் சங்கங்களைப் பற்றி அவர் இயற்றிய நூல் 1866-இல் வெளிவந்து, பல பதிப்புகள் கண்டது. அதனைப் படித்த ஊர்கள் தாமே சங்கம் அமைத்தன. 1888-ஆம் ஆண்டு மார்ச்சு 11-இல் அவர் மறைந்தார்.

1892-இல் சென்னை மாகாண அரசு, உழவர் கடனுக்கு வழி காணுமாறு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. அவர் ஐரோப்பியச் சங்கங்களை ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் அளித்த அறிக்கைகளில் ரைபைசன் முறையையே பரிந்துரைத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே திருவள்ளூரை அடுத்த திரூரில் உழவர் கடன் சங்கம் தோன்றியது.