வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி

கம்பம் பள்ளத்தாக்குப் பிள்ளைகளாகிய நமக்கு வருசநாட்டு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மலைக்கு அந்தப் பக்கம், அடிவாரத்து வத்திராயிருப்பில், 1898 டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். வேதியியல் படித்துவிட்டு, திரவங்களைக் கம்ப்யூட்டரில் ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இவர்தான் முன்னோடி.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்துவக் கல்லூரி. அங்கேயே வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையும் பார்த்தார். மதிய இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்து அறிவியல் பேசுவாராம். 1920-இல் கல்கத்தா போனார். 1923 முதல் சர் சி.வி. ராமனோடு ஆய்வு. 1928 பிப்ரவரியில் கண்டறிந்த ராமன் விளைவைப் பற்றி 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. அதே 1928-இல் இருவரும் திரவங்களைப் பற்றி வெளியிட்ட கோட்பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நம்ம ஊர் திராட்சைப் பந்தலில் ஒரு கொடியை இழுத்தால் பக்கத்துக் கொடியும் ஆடும். அது முதல் கொடியைத் திரும்ப இழுக்கும். திரவத்துக்குள்ளும் அப்படித்தான். ஒரு மூலக்கூறின் எலக்ட்ரான் மேகம் அண்டை மூலக்கூறுகளால் இழுபடுகிறது. இதை முனைவாதல் என்கிறோம். அண்டையாரின் இந்தத் தாக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதாகவே அதுவரை கணக்குப் போட்டார்கள். பென்சீன் போலத் தட்டையான மூலக்கூறுக்கு அது திசைக்குத் திசை மாறும் என்று கணக்கில் சேர்த்தது இவர்கள் கோட்பாடு.

இன்று அயனித் திரவங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிடும்போது இதே பிரச்சினைதான் வந்து நிற்கிறது. அணுக்களுக்கு மாறாத மின்சுமையைக் கொடுத்தால், அயனிகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு, நிஜத்தைவிட மெதுவாக நகர்கின்றன. திரவம் பாகு மாதிரி ஆகிவிடுகிறது. சுமையைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அது ஒட்டுப்போடும் வேலை. முனைவாதலைச் சேர்த்த விசைப்புலத்தில் அண்டையாருக்கேற்ப எலக்ட்ரான் மேகம் வளைந்து கொடுக்கும். கணக்கு நேரம் கூடும். விடை சோதனையோடு நெருங்கி வரும். பேட்டரிக்கான திரவத்தைத் தேடுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம்.

கிருஷ்ணன் பின்னர் டாக்கா, கல்கத்தா, அலகாபாத் என்று பணியாற்றினார். படிகங்களின் காந்தத் தன்மையில் பெயர் பெற்றார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1946-இல் சர் பட்டம், 1947-இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர், 1958-இல் முதல் பட்நாகர் விருது. 1961 ஜூன் 14-இல் மறைந்தார்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. பரிசுப் பட்டியலில் பெயர் வராவிட்டாலும், கேட்ட கேள்வி சரியாக இருந்தால் தொண்ணூறு வருஷம் கழித்தும் அதற்கு வேலை இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பையன் கேட்டதை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கலாமே!