ஃபெடரிகோ காப்ரில்லி

ஃபெடரிகோ காப்ரில்லி (ஏப்ரல் 8, 1868 - டிசம்பர் 6, 1907) இத்தாலியக் குதிரைப்படை அதிகாரியும் குதிரையேற்றப் பயிற்றுநரும் ஆவார். குதிரை தடை தாண்டும்போது அதன்மீது அமர்ந்திருப்பவர் உடலை முன்னோக்கிச் சாய்த்து, குதிரையின் அசைவுடன் இயைந்து செல்லும் முறையை உருவாக்கியவர் இவரே. முன்சாய்வு இருக்கை எனப்படும் இம்முறையே இன்றைய தடைதாண்டல் போட்டிகளின் அடிப்படையாகும்.

வாழ்க்கை

காப்ரில்லி இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிறந்தார். படைத்துறைக் கல்வியை முடித்துக் குதிரைப்படையில் சேர்ந்தார். டூரின் நகருக்கு அருகேயுள்ள பினெரோலோ குதிரைப்படைப் பள்ளியில் பயின்றார். பின்னர் அங்கும், உரோமை அடுத்த தோர் தி குயிண்டோவில் இயங்கிய அதன் கிளையிலும் பயிற்றுநராகப் பணியாற்றினார்.

பழைய முறை

அக்காலத்தில் குதிரைவீரர்கள் நீண்ட அங்கவடிகளில் கால்களை முன்னே நீட்டி, தடையைத் தாண்டும்போது பின்னோக்கிச் சாய்ந்து, கடிவாள வாரை இழுத்துப் பிடித்தனர். குதிரையின் மெல்லிய முன்னங்கால்களைக் காக்கப் பாரம் பின்புறம் இருக்கவேண்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆனால் இதனால் குதிரையின் வாயில் கடிவாளம் அழுந்தியது. முதுகின்மேல் வீரரின் எடை மோதியது. வலிக்கு அஞ்சிய குதிரைகள் தாண்ட மறுத்தன.

காப்ரில்லியின் முறை

தடை தாண்டும் குதிரைகளைக் காப்ரில்லி நேரிலும் ஒளிப்படங்கள் வழியாகவும் ஆராய்ந்தார். ஆளில்லாமல் தாண்டும் குதிரை கழுத்தை முன்னே நீட்டி, முதுகை வளைத்து, முன்னங்கால்களிலேயே தரையிறங்குவதைக் கண்டார். வீரரின் எடை எங்கு இருந்தாலும் குதிரை முன்னங்கால்களில்தான் இறங்கும் என்பதால், பின்னே சாய்வதால் பயனில்லை என உணர்ந்தார். குதிரையை வீரருக்கு ஏற்ப வளைப்பதற்கு மாறாக, வீரரே குதிரைக்கு ஏற்ப அமரவேண்டும் என்பது அவரது கொள்கையாயிற்று.

இதன்படி அங்கவடிகள் குட்டையாக்கப்பட்டன. தாண்டும் பொழுது வீரர் இருக்கையிலிருந்து சற்றே எழுந்து உடலை முன்னே கொண்டு சென்றார். அவரது கைகள் குதிரையின் வாயைத் தொடர்ந்து முன்னே சென்று, கழுத்து நீளுவதற்கு இடமளித்தன. பயிற்சி மூடிய கூடத்தில் அன்றி, மேடுபள்ளமான திறந்தவெளியில் தாழ்வான தடைகளுடன் தொடங்கியது. குதிரையின் நம்பிக்கை வளர வளரத் தடைகள் உயர்த்தப்பட்டன.

மேலதிகாரிகள் முதலில் இம்முறையை ஏற்கவில்லை. எனினும் அவரிடம் பயின்றோரின் குதிரைகள் தடைகளைத் தயங்காது தாண்டின. 1902 இல் டூரினில் மெலோப்போ என்னும் குதிரையில் 2.08 மீட்டர் உயரத்தை அவர் தாண்டினார். அவரது வாழ்நாளிலேயே இத்தாலியக் குதிரைப்படை இம்முறையை ஏற்றுக்கொண்டது.

மறைவு

மிகக் கடினமான தடைகளைத் தாண்டிய காப்ரில்லி, டூரினில் மெதுவாக நடந்து சென்ற குதிரையிலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டுத் தமது 39 ஆவது அகவையில் காலமானார்.

தாக்கம்

காப்ரில்லி மிகக் குறைவாகவே எழுதினார். அவருடைய மாணவர்களும், பினெரோலோவிலும் தோர் தி குயிண்டோவிலும் பயின்ற வெளிநாட்டு அதிகாரிகளுமே இம்முறையைப் பரப்பினர். பியரோ சாந்தினி ஆங்கில நூல்கள் வாயிலாக இதனை அறிமுகப்படுத்தினார். 1920 ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் தனிநபர் தடைதாண்டல் தங்கத்தை இத்தாலியரான தொம்மாசோ லெக்வியோ வென்றார்.

குதிரைக்கு நுட்பமான நடைப்பயிற்சி தேவையில்லை என்ற காப்ரில்லியின் கருத்தைப் பிற்காலப் பயிற்றுநர்கள் முழுமையாக ஏற்கவில்லை. இன்றைய தடைகள் நெருக்கமான இடைவெளிகளிலும் கூரிய திருப்பங்களிலும் அமைவதால் அப்பயிற்சி இன்றியமையாததாகி விட்டது. தடைக்கு மேலே குதிரையைத் தடையின்றி விடவேண்டும் என்ற அவரது அடிப்படை மட்டும் மாறவில்லை.